போர்க்கலையும் நோயுற்ற பிள்ளையும்

கடும் நோயுற்ற பிள்ளைக்குப் போர்க்கலை பயிற்றுவது மருத்துவத்துக்குத் துணையாகுமா? கேட்ட மாத்திரத்தில் இக்கேள்வி விபரீதமாகத் தோன்றலாம். ஆயினும் மேல்நாட்டில் கால் நூற்றாண்டாக நடைமுறையில் இருந்துவரும் முயற்சி அது. மேல்நாட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒன்றைத் தலையிற் சுமப்பதும் தவறு. அதே காரணத்துக்காகத் தூற்றுவதும் தவறு. அது பிறந்த சூழலையும், நம் மண்ணில் அது பெறக்கூடிய பொருளையும் வைத்தே அதனை நாம் எடைபோட வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், எலிமெலெக் கோல்ட்பர்க் என்னும் யூத மதகுரு 1999-இல் 'கிட்ஸ் கிக்கிங் கான்சர்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தார். புற்றுநோயை உதைத்துத் தள்ளும் பிள்ளைகள் என்பது அப்பெயரின் பொருள். 1981-இல் தமது இரண்டு வயது மகளை இரத்தப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த தந்தை அவர். கொரியப் போர்க்கலை மரபொன்றிற் கறுப்புப்பட்டி பெற்றவர். சிகிச்சைக்கு அஞ்சி அலறிய ஒரு சிறுவனுக்குத் தன் மூச்சைத் தானே ஆளக் கற்றுக்கொடுத்ததிலிருந்து இம்முயற்சி முளைத்தது.

பெயரைக் கண்டு நாம் மயங்கலாகாது. அங்கே பிள்ளைகள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தப் பயிலவில்லை. நிற்கும் நிலை, கைவீச்சு, மூச்சு, தியானம், மனக்காட்சி ஆகியனவே பாடம். எழ இயலாத பிள்ளை படுத்தபடியே மூச்சைப் பயிலலாம். அச்சம் மேலிடும்போது தசைகள் இறுகுகின்றன. இறுகிய உடல் நோவைப் பெருக்கிக் காட்டுகிறது. மூச்சை நீட்டி மெல்ல விடும்போது நெஞ்சின் துடிப்புத் தணிகிறது. கவனம் ஊசிமுனையை விட்டு விலகுகிறது. இதில் மந்திரம் ஏதுமில்லை, உடலியலே உண்டு.

2016-இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோயுற்ற 64 பிள்ளைகளிடம் ஒரு மணிநேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் நோவின் அளவு கேட்டறியப்பட்டது. மிகப் பெரும்பாலோருக்கு அது குறைந்திருந்தது. ஆனால், நோவு குறைந்தது என்பதற்கே இது சான்று. நோய் குறைந்தது என்பதற்கன்று. இவ்விரண்டையும் குழப்புவோர் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பெருந்தீங்கு இழைப்பவராவர்.

இம்முயற்சியில் நாம் மிக உயர்ந்ததெனக் கருதுவது மூச்சுப் பயிற்சியைக்கூட அன்று. பயின்ற பிள்ளையைப் பிறருக்கு ஆசிரியராக்கும் நெறியையே. ஆஸ்பத்திரியில் நோயுற்ற பிள்ளை எல்லார் கைக்கும் உட்பட்ட பொருளாகிறது. தூக்குவோர் தூக்குகின்றனர், குத்துவோர் குத்துகின்றனர், பார்ப்போர் இரங்குகின்றனர். அப்பிள்ளை ஒரு பெரியவரைப் பார்த்து, 'நோவு வரும்போது இப்படி மூச்சை விடுங்கள்' என்று சொல்லிக்கொடுக்கும் வேளையில், இரக்கத்துக்குரிய உருவம் மறைந்து, சமுதாயத்துக்குக் கொடுக்கவல்ல மனித ஜீவன் வெளிப்படுகிறது. மனிதாபிமானம் என்ற சொல்லுக்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுமா?

ஆயின், இதனை வன்னி மண்ணில் வைத்துச் சிந்திக்கும்போது வேறொரு பிரச்சினை எழுகின்றது. வாளேந்திய பண்டாரவன்னியனை நாடகமாகவும் சிலையாகவும் போற்றிவரும் மண் இது. அதே மண்ணிற்றான் பிள்ளைகளின் கையில் ஆயுதமும் கொடுக்கப்பட்டது. படையிலிருந்து மீண்ட சிறுவருக்கென யுனிசெவ்வின் துணையோடு 2003-இல் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம் திறக்கவேண்டி நேர்ந்ததை வரலாறு மறக்காது. 2009-இன் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியின்மீதே எறிகணைகள் வீழ்ந்தன. பயிற்சி, அணி, வீரன், களம் என்னும் சொற்கள் இங்கே வெறும் உவமைகள் அல்ல. அவற்றைக் கேட்டால் நடுங்கும் தாய்மார் இன்றும் உளர்.

'நோயோடு போராடு' என்னும் முழக்கத்தை நாம் ஐயுறுவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக், நோயைப் பற்றிப் பேச நாம் கையாளும் போர்மொழியை 1978-இல் வெளியிட்ட நூலில் வன்மையாகக் கண்டித்தார். போர் என்றால் வென்றவரும் தோற்றவரும் இருந்தே தீரவேண்டும். அப்படியானால், இறந்துபோன பிள்ளை சரியாகப் போராடாத பிள்ளையா? மகனைப் புதைத்த தந்தையிடம் இதனைச் சொல்லும் துணிவு எவருக்கு உண்டு? மரணத்தை வீரமென அலங்கரித்துப் பழகிய நம் எழுத்தாளர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திப்பது நன்று.

இன்னும் ஒன்று. பிள்ளை வெல்வதும் வீழ்வதும் அதன் மனவுறுதியால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, செல்வந்த நாடுகளிற் புற்றுநோயுறும் பிள்ளைகளுள் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் குணமடைகின்றனர். வறிய, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவானோரே குணமடைகின்றனர். வறிய நாட்டுப் பிள்ளைக்கு வீரம் குறைவா? இல்லை, மருந்தும், காலத்தோடு நோயைக் கண்டறியும் வசதியுமே குறைவு. இலங்கையிற் பிள்ளைகளின் புற்றுநோய்க்கான தலையாய ஆஸ்பத்திரி கொழும்பையடுத்த மகரகமவில் உள்ளது. முல்லைத்தீவிலிருந்து அது முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். கூலிவேலையை இழந்து, மொழி புரியாத ஊரில் பிள்ளையோடு தங்கும் தாயின் துயரை எந்தக் கைவீச்சு தீர்க்கும்?

ஆகவே இதனை நாம் தள்ளிவிடவேண்டுமா? வேண்டியதில்லை. அடிக்கும் கையே அணைக்கும் என்பது நம்மவர் வாக்கு. வர்மக்கலை ஆசான் அடியின் இடத்தை அறிந்தவர். அவரே அடிபட்டவரின் உடலைத் தேற்றவும் அறிந்தவர். சிலம்பத்தின் அடிவைப்பிலும் உடலை ஆளும் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்வோம். களத்தின் ஆரவாரத்தை விட்டுவிடுவோம். பிள்ளைக்கு மூச்சைக் கற்பிப்போம். பிறருக்குக் கற்பிக்கும் தகுதியையும் அளிப்போம். எதிரி என்னும் சொல்லைக் கற்பியாதிருப்போம். வைத்தியரின் அனுமதியோடு, மருந்துக்குத் துணையாகவே இது நடைபெறட்டும். மருந்து தராதிருப்பதற்கு ஒருபோதும் சாட்டாகிவிடக்கூடாது.

2011-இல் தென்முனையாகிய தெவுந்தரையிலிருந்து வடமுனையாகிய பருத்தித்துறை வரை மக்கள் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் பணம் திரட்டினர். போர் முடிந்து இரண்டே ஆண்டுகளில், அதே நாட்டில், அதே வீதிகளில் அந்த நடை நிகழ்ந்தது. நோயுற்ற பிள்ளையைத் தனிவீரனாக்கிக் களத்தில் நிறுத்தும் கற்பனையைவிட, அப்பிள்ளைக்காக ஆயிரம் கால்கள் நடந்த யதார்த்தமே நமக்கு வழிகாட்டி. பிள்ளை தன் மூச்சை ஆளட்டும். மருந்தையும் தாதியரையும் வாகனத்தையும் அதன் கட்டிலருகே கொண்டுவரும் போராட்டம் பெரியவர்களாகிய நம்முடையது.