கிளாசிக் 350: எண்பதில் ஒரு சௌக்கியம்

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடிய வண்டிதான். ஆனால் அந்த வேகத்தில் அதை ஓட்டி ஆனந்தம் அடைந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை. அதே மனிதர்களை எண்பதில் போகச் சொன்னால், திண்டிவனத்தில் காப்பிக்கு நிறுத்த வேண்டுமென்ற நினைப்பே இல்லாமல் விழுப்புரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு யந்திரத்துக்கும் சுபாவமாக அமைந்த கதி ஒன்று உண்டு. அதை நிர்ணயிப்பது குதிரைசக்தி மட்டுமன்று, அந்தச் சக்தி எத்தனை சுழற்சியில் பிறக்கிறது, எந்தெந்தப் பல்சக்கரங்களைக் கடந்து பின்சக்கரத்தை வந்தடைகிறது என்பனவும் சேர்ந்துதான் அதை நிர்ணயிக்கின்றன.

2021-ல் புது உருவம் பெற்று வந்த இந்த வண்டியின் என்ஜின் 349 சி.சி. கொள்ளளவுள்ள ஒற்றை சிலிண்டர். 72 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் 85.8 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. அகலத்தைவிட உயரம் மிகுந்த இந்த அமைப்பினால்தான், முறுக்குவிசையின் உச்சமான 27 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 4,000 சுழற்சியிலேயே கைக்கு வந்துவிடுகிறது. சக்தியின் உச்சமான 20.2 குதிரைசக்தியைக் காண வேண்டுமானால் 6,100 சுழற்சி வரை முறுக்கியாக வேண்டும். 4,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 11.4 மீட்டர், 6,100-ல் அது 17.4 மீட்டர். ஒவ்வொரு முறையும் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடியும் புறப்படுகிற அந்த உலோகத் துண்டைத் திருப்பி இழுப்பதற்கு வேண்டிய விசையோ இரண்டே கால் மடங்குக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. அதிர்வைத் தணிப்பதற்கென்று பாலன்சர் ஷாஃப்ட் ஒன்று உள்ளே சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. பழைய புல்லட்டுகளில் ஓட்டுபவரின் உள்ளங்கை மரத்துப்போனதற்கு இது பெரிய பரிகாரம் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் இயற்கையை ஓரளவுக்குத்தான் சமாதானப்படுத்த முடியும்.

இதற்கு மேல் காற்று வேறு. நிமிர்ந்த முதுகும் அகன்ற ஹேண்டில்பாரும் உள்ள இத்தகைய வண்டியில் அமர்ந்தவர் மார்பைக் காட்டிக்கொண்டுதான் போக வேண்டும். காற்றைக் கிழிப்பதற்கு வேண்டிய சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்வதால், 80-லிருந்து 100-க்குப் போவதற்கு மட்டும் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. இருபது குதிரைகளில் முந்திச் செல்வதற்கென்று மீதி நிற்பவை சிலவே.

திண்டிவனத்தில் பெருஞ்சாலையை விட்டு விலகி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில் இந்த ஐந்து கியர்களின் குணத்தை நன்றாக அறியலாம். முதல் கியர் புறப்படுவதற்கு. இரண்டாவது சந்தைக் கூட்டத்துக்கு. இவற்றைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மூன்றாவது ஊருக்குள் ஆடு மாடுகளுக்கு ஒதுங்கிப் போகையில் எவ்வளவு பொறுமையாக இருக்கிறதோ, ஊர் எல்லை கடந்ததும் அவ்வளவு சுறுசுறுப்பாக எழும்புகிறது. நான்காவதுதான் இந்த வண்டியின் உத்தமமான கியர் என்பது என் அபிப்பிராயம்: 45-லிருந்து 70 வரை எங்கே ஆக்சிலேட்டரைத் திருகினாலும் தயக்கமின்றிப் பதில் வருகிறது. ஐந்தாவதை அறுபதுக்குக் கீழே போடுவது வீண். ஐம்பதில் டாப்பைப் போட்டுவிட்டுச் சட்டென்று முறுக்கினால், வண்டி முக்குகிறது. செயின் ஒரு முறை துள்ளி அடங்குகிறது. டாங்க் முழங்கால்களுக்கிடையே குலுங்குகிறது. சுழற்சிமானி இல்லாத வண்டியாகையால் இவற்றையெல்லாம் காதாலும் முழங்காலாலும்தான் அறிந்துகொள்ள வேண்டும். எழுபதில் ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமானால், டாப்பிலேயே முறுக்கிக்கொண்டு எதிரே வரும் பஸ்ஸைப் பார்த்துக் கவலைப்படுவதைவிட, கால்விரலால் ஒரு கியர் இறக்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

சௌகரியமான வேகம் எது என்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் பின்பார்வைக் கண்ணாடி. எண்பதில் பின்னால் வரும் காரின் நம்பர் பிளேட்டை அதில் வாசிக்க முடிகிறது. தொண்ணூறைக் கடந்ததும் எழுத்துக்களின் ஓரங்கள் கலையத் தொடங்குகின்றன. நூறில் வருவது கார் என்பது மட்டும் நிச்சயம். ஆகவே 75-க்கும் 85-க்கும் இடைப்பட்ட வெளியே இதன் சொந்த இடம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். நான்கு வழிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு மத்திய அரசு 2018-ல் விதித்த உச்ச வரம்பும் 80-தான் என்பதால், சட்டமும் யந்திரமும் இங்கே அபூர்வமாக ஒத்துப்போகின்றன.

இந்த வம்சத்தின் பூர்விகத்தை நினைத்தால் இதில் ஆச்சரியம் கொள்வதற்கில்லை. 1955 முதல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட், இங்கிலாந்தின் முதல் மோட்டார்வே 1958-ல் திறக்கப்படுவதற்கு முன்பே அந்த நாட்டின் வளைந்து நெளியும் கிராமத்துச் சாலைகளுக்காக வரையப்பட்ட வண்டி. வலது காலால் மாற்றும் நான்கே கியர்கள். அறுபதைத் தாண்டினால் கியர்பெட்டி முழுவதும் பேச ஆரம்பிக்கும். அந்தக் காலத்து வண்டியை வைத்திருப்பவர்களிடையே முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பரவியதற்கு நியாயம் இருந்தது. 16 பல் இருந்த இடத்தில் 17 பல் போட்டால், அதே சுழற்சியில் வேகம் சுமார் 6 சதவிகிதம் கூடும். அறுபதில் வந்த நிம்மதி அறுபத்து மூன்றரையிலும் கிடைக்கும்.

அந்த யோசனையை இன்றைய கிளாசிக்குக்கும் சொல்லும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஐந்தாவது கியர் ஏற்கெனவே போதிய அளவு நீண்டிருக்கையில், இன்னும் நீட்டினால் அது இறக்கத்துக்கும் பின்காற்றுக்கும் மட்டுமே பயன்படும் அலங்காரமாகிவிடும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில், 195 கிலோ வண்டியின் பின்சீட்டில் ஒருவரும் அவருடைய பையும் இருக்கும்போது, கம்பெனி கொடுத்த கியர் கணக்கிலேயே சில வளைவுகளை இரண்டாவதில் மயிரிழையில்தான் தாண்ட முடிகிறது. ஒரு பல் கூட்டியவர் அங்கே முதல் கியருக்கு இறங்கி, கிளட்சைப் பாதி பிடித்தபடி, லாரி ஒதுங்கும் வரை அந்தக் கிளட்சின் நெடியை முகர்ந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். பழைய உருவமும் வேண்டும், நூறில் நாள் முழுவதும் போகவும் வேண்டும் என்பவர்கள் ஸ்ப்ராக்கெட்டுக்குச் செலவழிப்பதை விட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, அதே நிறுவனத்தின் 650 சி.சி. இரட்டை சிலிண்டர் வண்டியில் ஏறிப் பார்க்கட்டும். அதில் ஆறு கியர், 47 குதிரைசக்தி.