துச்சாதனன் ஏன் கும்பிடுகிறான்?

பகடை துயில் கூத்தில் துச்சாதனன் துகிலைத் தொட்ட கையை எடுத்துவிட்டுக் கற்பூரத் தட்டை வாங்குகிறானே, அந்த இடத்தைப் பற்றித்தான் இந்த வாரம். பக்தி குறுக்கே வந்து ஆட்டம் அறுந்துபோனதாகப் பட்டணத்து விமர்சகர்கள் சொல்கிறார்கள். ஊரிலோ, “பாவம், பயந்துட்டான்” என்கிறார்கள். இரண்டுமே தப்பு.

போன ஆடியில் பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊரில் ஒருவரை விடிய விடியப் பார்த்தேன். பெயர் வேண்டாம், அவர் கிறிக்கி சுற்றும் வேகத்தைச் சொன்னாலே இந்தப் பக்கத்துக் கூத்து ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும். பாஞ்சாலியைச் சபைக்கு இழுத்து வரும்வரை அடக்கித்தான் ஆடினார். பின்பாட்டு உச்சிக்கு ஏறுகிறது, முகவீணை வீறிடுகிறது, முந்தானை நுனியில் கை படுகிறது. அங்கே நின்றார். மிருதங்கம் சட்டென்று அடங்கியது. பாஞ்சாலி வேஷக்காரருக்குக் கற்பூரம் காட்டினார். அந்த வெளிச்சத்தில், சிவப்பு அரிதாரத்தின் மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியது. உதடு அசைந்தது; துச்சாதனனுக்கு அங்கே வசனமே கிடையாது. திரௌபதி அம்மனைக் கும்பிட்டு வளர்ந்த மனிதர், செய்யப்போகிற காரியத்துக்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறார்.

தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார் பாருங்கள், அதுவரை காட்டாத மூர்க்கம்! முன்வரிசைப் பிள்ளைகள் பாயோடு பின்னால் நகர்ந்தார்கள். கும்பிட்டு அவர் வாங்கியது உத்தரவு. அம்மனிடம் கணக்கை நேர் செய்துகொண்டவருக்குத்தான் அவ்வளவு கொடூரமாக ஆட மனசு துணியும். கபடியில் ரைடு போகிறவன் கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால், ஆட்டம் நின்றுவிட்டது என்றா சொல்கிறோம்?

செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியைத் திரௌபதிக்குத் தாய்க்கோயிலாகக் கொண்டாடும் சீமை இது. இந்த வழிபாட்டைப் பற்றி 1988-ல் புத்தகம் எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல், குருக்ஷேத்திரத்துக்கான பாதையைச் செஞ்சியிலிருந்துதான் தொடங்கினார். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். காப்புக் கட்டிய ஊர் கூடியிருக்க, அம்மனின் சேலையிலேயே கை வைக்கிற வேஷம் இது. அந்தப் பயம் ஆடுகிறவருக்கும் உண்டு, பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் உண்டு. அந்தப் பயத்தை எந்த இடத்தில் வெளியே எடுப்பது என்பதுதான் அவருடைய வித்தை. முதல் அடவிலேயே கற்பூரம் ஏற்றியிருந்தால் அது வெறும் சடங்காகப் போயிருக்கும்.

நான் ராத்திரி முழுக்க நடக்கும் கூத்தின் கட்சி, ஒளிக்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கும் மேடைகள் நேரம் மிச்சம் பிடிக்க முதலில் இந்தக் கற்பூரத்தைத்தான் வெட்டும். வெட்டினால் துச்சாதனன் சேலை இழுக்கிற ஆள் மட்டும்தான். யாரும் பாயை நகர்த்த மாட்டார்கள்.

நம்மவருக்கு இன்னும் இரண்டு ஆடிக்குள் பதினெட்டாம் போரில் துரியோதனன் வேஷம் வரும். படுகளத்தில் மண்ணால் செய்த உருவத்தைச் சுற்றி ஓடும்போது கிறிக்கியைக் குறைப்பார், கும்பிடுவதைத் தள்ளிப்போடுவார் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் நடக்கும்: இந்த வட்டாரத்திலேயே ஒரு பெண் துச்சாதனன் கட்டப்போகிறாள். பாஞ்சாலி வேஷத்தில் ஆண், எதிரே தட்டோடு அவள். அன்றைக்குத் திண்டிவனத்திலிருந்து கடைசி பஸ்ஸையாவது பிடித்து வந்து முன்வரிசையில் உட்காருவேன்.