முதல் நாவலும் கணக்கேடும்

முதல் நாவல் எழுதப் புகும் நம் எழுத்தாளர்களிடம் கற்பனைக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் கணக்குக்குத்தான். சிறுகதையில் கைதேர்ந்தவர்களும் நாவலின் நடுப்பகுதியை எட்டியதும் தடுமாறி நிற்பதைக் காண்கிறோம். முதல் அத்தியாயத்தில் மூத்தவளாயிருந்த லாத்தா, பின்னர் தம்பியைவிட இளையவளாகி விடுகிறாள். மலேயாவுக்குக் கப்பலேறிய வாப்பா, ஊர் திரும்பிய செய்தியே இல்லாமல் திண்ணையில் அமர்ந்து வழக்குத் தீர்க்கிறார். இவற்றைத் திருத்தப் புகுந்து, மலைத்து, கையெழுத்துப் பிரதியைப் பெட்டியில் பூட்டியவர் பலர். அத்துடன் ஒரு தலைமுறையின் வீட்டு வரலாறும் பூட்டப்பட்டு விடுகிறதே என்பதுதான் நம் கவலை.

எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூழ் இதற்குக் கைக்கொண்ட வழி மிக எளியது. கெய்ரோ வணிகர் ஒருவரின் குடும்பத்தை 1917 முதல் 1944 வரை தொடரும் தம் பெருங்கதைக்காக, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தனிக் கோப்பு வைத்திருந்தார். அது இல்லாதிருந்தால் தாம் வழி தவறியிருக்கக்கூடும் என்று அவரே பேட்டியில் கூறியிருக்கிறார். 1971 வரை அரசுப் பணியில் இருந்தவர். அலுவலக ஒழுங்கு எழுத்து மேசைக்கும் வந்தது போலும்! 1952-இல் எழுதி முடித்த அக்கதையின் நீளத்தைக் கண்டு பதிப்பாளர் தயங்கவே, அது மூன்று நாவல்களாகி 1956, 1957 ஆண்டுகளில் வெளிவந்தது.

ஆயினும் அவை அவருடைய முதல் நாவல்கள் அல்ல. 1939-இல் வந்த முதல் நாவல் ஃபிர்அவ்ன்கள் காலத்துக் கதை. எகிப்திய வரலாறு முழுவதையும் நாவல் வரிசையாக்கத் திட்டமிட்டிருந்தவர், மூன்றுடன் அதைக் கைவிட்டுத் தாம் வாழ்ந்த கெய்ரோவுக்குத் திரும்பினார். முதல் நாவலிலேயே ஏழு தலைமுறைகளை அள்ளிக் கட்ட முனையும் நம் இளைஞர்கள் இதைக் கருத வேண்டும்.

நம் குடும்பக் கதைகளுக்கு இன்னொரு பட்டியலும் தேவை. ஹிஜ்ரி ஆண்டு, சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைந்தது. ஆகவே நோன்பும் பெருநாளும் பருவந்தோறும் நகர்கின்றன. 1970-இல் ரமலான் நவம்பரில் வந்தது. குடை பிடித்துத் தராவீஹுக்குப் போகும் காட்சி அங்கே பொருந்தும். 1982-இல் அதே ரமலான் ஜூன், ஜூலையில் வந்துவிட்டது. கதாநாயகனுக்கு 12 வயது கூடிய பிறகும் கார்த்திகை மழையிலேயே ஸஹருக்கு எழுப்பினால், அக்காலத்தை வாழ்ந்தறிந்த வாசகர் புத்தகத்தை மூடி விடுவார். இடப்புறம் ஹிஜ்ரி, வலப்புறம் ஆங்கில ஆண்டு, நடுவே பாத்திரங்களின் வயது என்று ஒரே தாளில் கோடிட்டுக் கொண்டால் போதும்.

இன்று கணினியிலும் இதற்கு வசதி உண்டு. 2007-இல் வெளியான ஸ்கிரிவனர் போன்ற மென்பொருள்கள் அத்தியாயங்களைச் சீட்டுகளைப் போல் இடம் மாற்றி அடுக்க உதவுகின்றன. நல்லதுதான். ஆனால், அடுக்குவதிலேயே ஆறு மாதம் கழித்துவிட்டு ஒரு பக்கமும் எழுதாதவர்களையும் நாம் அறிவோம். கோப்பு தடித்துக் கொண்டே போவது, பாத்திரம் பேசத் தொடங்கவில்லை என்பதற்கே அடையாளம். ஆளுக்கு ஒரு பக்கம் குறித்துக்கொண்டு முதல் அத்தியாயத்தை எழுதி விடலாம். ஒவ்வோர் அத்தியாயமும் முடிந்த அன்றிரவே, அதில் யார் பிறந்தார், யார் பயணம் போனார், எந்த நகை அடகுக்குப் போனது என்று கோப்பில் ஏற்றிக்கொண்டால், நடுவழியில் பிரதியைப் பெட்டியில் பூட்ட நேராது.