சிறிய புல்லியும் பெரிய வாக்குறுதியும்

"புல்லியை மட்டும் மாற்றினால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்." இந்த வாக்குறுதி இன்று இரண்டு இடங்களில் கேட்கிறது. ஒன்று, வேகக் கார்களின் சூப்பர்சார்ஜருக்குச் சிறிய புல்லி விற்பவர்களிடம். மற்றொன்று, கொள்ளிடக் கடைமடையில் டீசல் எஞ்சினையும் பம்பையும் பெல்ட்டால் இணைத்து நீர் இறைக்கும் இடங்களில். சிதம்பரத்தில் இயற்பியல் கற்பிக்கும் என்னிடம் முதலாவதைப் பற்றி மாணவர்கள் கேட்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி அவர்களுடைய தகப்பனார்கள் கேட்கிறார்கள். இருவருக்கும் விடை ஒன்றே. இந்த வாக்குறுதி பாதி உண்மை. சொல்லாமல் விட்ட மறுபாதிதான் பேரிங்கையும் பெல்ட்டையும் தின்கிறது.

சூப்பர்சார்ஜர் என்பது என்ன? எஞ்சின் தானாக உறிஞ்சுவதைவிட அதிகமான காற்றை அதனுள் திணிக்கும் ஊதியே அது. காற்று மிகுந்தால் எரிபொருளையும் மிகுதியாக எரிக்கலாம், திறன் கூடும். இவ்வகை ஊதி ஒன்றுக்கு அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்றனர். அதில் இரண்டு சுழலிகள் ஒன்றையொன்று தொடாமல் சுழன்று காற்றைத் தள்ளுகின்றன. 2000-களின் முற்பகுதியில் வந்த மினி கூப்பர் எஸ் காரில் ஈட்டன் எம்45 என்னும் இவ்வகை ஊதி இருந்தது. எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாக அது ஓடியது. விட்டத்தில் 15 சதவீதம் குறைந்த புல்லி அந்தக் காருக்குப் பெயர்போன மாற்றுப் பொருள் ஆயிற்று.

முதல் மயக்கம் இந்த 15 சதவீதத்திலேயே இருக்கிறது. விட்டம் குறைந்தால் சுழற்சி வேகம் எதிர்விகிதத்தில் ஏறும். 1-ஐ 0.85-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.176 வரும். வேகம் 15 அல்ல, ஏறத்தாழ 18 சதவீதம் கூடுகிறது. பாடக் கணக்குகளும் பெரும்பாலும் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. 'வேக விகிதம் காண்க' என்று கேட்டு, விடைக்கு மதிப்பெண் கொடுத்து முடிப்பார்கள். வயலில் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

அதே 15 சதவீதச் சிறிய புல்லியை வயல் பம்பில் மாட்டியதாக வைத்துக்கொள்வோம். மையவிலக்குப் பம்பில் நீரின் அளவு வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடும். நீர் ஏறும் உயரம் வேகத்தின் இருபடியாகவும், தேவைப்படும் திறன் முப்படியாகவும் கூடும். இவை ஏறத்தாழ உண்மையாகும் விதிகள். ஆகவே தண்ணீர் 18 சதவீதம் கூட, எஞ்சின் மீதுள்ள சுமை 63 சதவீதம் கூடுகிறது. எஞ்சினிடம் அந்த மிச்சத் திறன் இல்லையென்றால் அது திணறிக் கரும்புகை கக்கும், வேகம் இறங்கும், எதிர்பார்த்த தண்ணீரும் வராது.

காரின் ஊதியிலும் ஏறத்தாழ இதே கதைதான். வளிமண்டல அழுத்தத்தைப் போல் 1.7 மடங்காகக் காற்றைத் திணித்த ஊதி 18 சதவீதம் வேகமாக ஓடினால், கசிவையும் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்காமல், அழுத்தம் 2 மடங்கை நெருங்கும். ஊதி எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்த வேறுபாடு 0.7-இலிருந்து 1.0 ஆகிறது. காற்றின் அளவையும் அழுத்த வேறுபாட்டையும் பெருக்கினால், ஊதியை ஓட்டும் திறன் 68 சதவீதம் கூடுவது தெரியும். இந்தத் திறனை எஞ்சின்தான் கொடுத்தாக வேண்டும்.

இனிப் பெல்ட்டைப் பார்ப்போம். ஓட்டும் புல்லி மாறாததால் பெல்ட்டின் வேகமும் மாறவில்லை. அதே வேகத்தில் 63 சதவீதம் கூடுதல் திறனைக் கடத்த வேண்டுமானால், இழுக்கும் பக்கத்துக்கும் தளர்ந்த பக்கத்துக்கும் உள்ள இழுவிசை வேறுபாடு 63 சதவீதம் கூடியாக வேண்டும். ஆனால் சிறிய புல்லியை பெல்ட் தழுவும் பரப்போ குறைவு. எனவே பெல்ட் வழுக்கும். வழுக்கலை நிறுத்த இறுக்குவார்கள். இறுக்கினால் பேரிங்கின் மேல் பக்கச்சுமை ஏறும். பந்துப் பேரிங்கின் ஆயுள் சுமையின் முப்படிக்கு எதிர்விகிதம். சுமை கால் பங்கு கூடினாலே ஆயுள் பாதியாகிறது. "பேரிங் மட்டமானது" என்று கடைக்காரரைக் குறை கூறுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நியாயம்.

கிணற்றில் நீர் இறங்கியதால் புல்லியைச் சிறிதாக்குவது இன்னும் பெரிய தவறு. பம்பு நீரை இழுப்பதில்லை. வளிமண்டல அழுத்தம்தான் நீரைக் குழாய்க்குள் ஏற்றுகிறது. கடல் மட்டத்தில் அதன் எல்லை 10.3 மீட்டர், நடைமுறையில் 7 மீட்டர் அளவே. வேகம் கூடினால் இந்த எல்லை உயராது. மாறாக, இம்பெல்லரின் வாயில் அழுத்தம் மேலும் தாழ்ந்து, நீர் அங்கேயே ஆவிக் குமிழிகளாகும். குமிழிகள் உடையும்போது உலோகத்தை அரிக்கும். பம்புக்குள் கூழாங்கல் உருளுவது போலச் சத்தம் கேட்டால் அது இதுதான். மினி கூப்பர் எஸ் காரிலும் குளிர்நீர்ப் பம்பு ஊதியின் வழியாகவே ஓடியது. ஊதிக்கென்று புல்லி மாற்றியவர் தம்மை அறியாமலே அதையும் வேகமாக ஓட்டினார்.

கடைசியாக வெப்பம். 30 டிகிரி காற்றை 1.7 மடங்கு அழுத்தினால், இழப்பே இல்லாத ஊதியிலும் சுமார் 79 டிகிரி ஆகும். 2 மடங்கு என்றால் சுமார் 96. ரூட்ஸ் ஊதியில் இதைவிடவும் கூடும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. பெட்ரோல் எஞ்சினில் 'நாக்கிங்' தட்டலுக்கும் வழிசெய்யும். நம் சித்திரை வெயில் 30 டிகிரியில் நிற்பதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அப்படியானால் புல்லியை மாற்றவே கூடாதா? மாற்றலாம். பம்பின் தகட்டில் பொறித்த வேகத்தைத் தாண்டாமலும், எஞ்சினில் மிச்சத் திறன் இருந்தும், நீர் மட்டம் எட்டும் ஆழத்தில் இருந்தும் செய்தால் அது நல்ல மாற்றமே. காரில் எரிபொருள் அளவு, தீப்பொறி நேரம், காற்றைக் குளிர்விக்கும் அமைப்பு மூன்றையும் உடன் திருத்தினால் அதுவும் முறையான பொறியியலே. குறை புல்லியில் இல்லை. "வேறு எதையும் தொட வேண்டாம்" என்ற சொல்லில்தான் இருக்கிறது. கார்க்காரருக்கு நேரும் நட்டம் ஒரு பொழுதுபோக்கின் நட்டம். நாற்று நட்ட வாரத்தில் பம்பு நின்றுபோனால் கடைமடை விவசாயி இழப்பது அந்தப் போகத்தையே. ஆகவே புல்லி விற்பவரிடம் விட்டத்தைக் கேட்பதோடு நிற்காமல், கூடப்போகும் சுமை எத்தனை சதவீதம் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.