காலி போர்ட் தேடும் பழக்கம்

சர்வர் புரோகிராம் எழுதத் தொடங்குகிற எவரும் சீக்கிரமே சந்திக்கும் பிழைச் செய்தி, ‘இந்த முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்பது. அதற்குப் பலரும் கையாளும் வழி ஒன்றுதான். 8080இல் வேறொரு புரோகிராம் இருந்தால் 8081, அதிலும் இருந்தால் 8082 என்று பார்த்துக்கொண்டே போய், முதலில் காலியாகக் கிடைக்கும் எண்ணில் உட்கார்ந்துகொள்வது. போர்ட் எண்ணுக்கு 16 பிட் இடம் இருப்பதால் 65,535 வரை எண்கள் உண்டு. சாதாரணக் கணினி ஒன்றில் அவற்றில் மிகச் சிலவே பயன்படுகின்றன. ஆகவே காலி எண்ணுக்குப் பஞ்சமே இல்லை. கிடைத்த எண்ணை நழுவவிடாமல் பிடிப்பதும், அந்த எண்ணை அதை நாடி வருகிறவர்களுக்குத் தெரிவிப்பதும்தான் கடினம். இந்தப் பழக்கம் அந்த இரண்டையும் தொடுவதில்லை என்பதே என் முதன்மையான குறை.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு போர்ட் காலியா என்று அறியப் பலர் அதனுடன் இணைந்து பார்க்கிறார்கள். இணைப்பு மறுக்கப்பட்டால் காலி என்று முடிவுகட்டுகிறார்கள். அது அவசர முடிவு. ஒரு புரோகிராம் போர்ட்டைப் பிடித்துவிட்டு இன்னும் இணைப்புகளை ஏற்கத் தொடங்காமல் இருக்கலாம். விண்டோஸில் ஹைப்பர்-வி போன்ற வசதிகள் சில எண் தொகுதிகளை மொத்தமாக ஒதுக்கிவைத்துக்கொள்கின்றன. நெட்ஸ்டாட் பட்டியலில் அந்த எண்களில் யாருமே தென்படமாட்டார்கள். பிடிக்கப் போனால் அனுமதி இல்லை என்று பதில் வரும். சரியாகவே பார்த்தாலும், பார்த்த கணத்துக்கும் பிடிக்கும் கணத்துக்கும் நடுவே இன்னொரு புரோகிராம் நுழைந்துவிடலாம். பஸ் ஜன்னல் வழியாகக் காலி சீட்டைப் பார்த்துவிட்டால் அது நம்முடையது ஆகிவிடாது. துண்டைப் போட்டால்தான் ஆகும். இயங்குதளம் அதற்கு வழி வைத்திருக்கிறது. போர்ட் எண்ணாக 0 கொடுத்து பைண்ட் செய்தால், கெர்னலே காலியான ஒன்றைத் தேர்ந்து, அதே செயலில் நமக்கு உரிமையாக்கித் தருகிறது. தேடலும் பிடித்தலும் ஒன்றாகிவிடுவதால் இடைவெளிக்கே இடமில்லை.

இதற்கு மறுப்பு உண்டு. அதில் நியாயமும் உண்டு. சோதனைகளை ஓட்டும்போது நாம் எழுதாத ஒரு டேட்டாபேஸை வேறு புரோகிராமாகத் தொடங்க வேண்டியிருக்கும். அது 0 என்ற எண்ணை ஏற்காமல், குறிப்பான எண் ஒன்றைக் கேட்கலாம். அப்போது கெர்னலிடம் எண் வாங்கி, அதை விடுவித்து, டேட்டாபேஸிடம் கொடுப்பதைத் தவிர வழியில்லை. விடுவித்த எண் அடுத்த நொடியே பறிபோவது அரிது என்பதும் உண்மை. சோதனைக் கூடத்தில் இதை ஏற்றுக்கொள்ளலாம்: தோற்றால் புதிய எண்ணோடு மறுபடி தொடங்க ஒரு சுற்று எழுதினால் போதும், நஷ்டம் சில நொடிகள்தான். ஆனால் ஆட்கள் நம்பி வேலை செய்யும் இடத்துக்கு இதே சலுகையை நீட்ட முடியாது.

எண்ணைத் தெரிவிப்பது என்ற இரண்டாவது கடினம் அத்தகைய இடத்தில்தான் வெளிப்படும். சித்தூரிலிருந்து பலமநேர் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது பங்காருபாளையம். கோடையில் தோத்தாபுரி, அதாவது நம் பக்கத்தில் கிளிமூக்கு என்கிற மாங்காய், லாரி லாரியாக வந்து இறங்கும் சந்தை. அங்கே ஒரு மண்டிக் கணினியைக் கற்பனை செய்துகொள்வோம். அதில் கணக்குக்கு டேலி என்ற புரோகிராம் இருக்கிறது. பிற புரோகிராம்களோடு பேச அது வழக்கமாக 9000ஆம் போர்ட்டைத் திறந்துவைக்கிறது. எடைச் சீட்டு போடும் புரோகிராம் ஒவ்வொரு சீட்டையும் எக்ஸ்எம்எல்லாக அந்த எண்ணுக்கு அனுப்புகிறது. அதே கணினியில் யாரோ என்ஜின்எக்ஸோடு பிஹெச்பியை நிறுவுகிறார்கள். பிஹெச்பிக்கும் பலர் 9000ஐத்தான் கொடுக்கிறார்கள். காலையில் பிஹெச்பி முந்திக்கொண்டு, கணக்குப் புரோகிராம் தானாகவே 9001க்கு நகரக்கூடியதாக இருந்தால் என்ன ஆகும்? திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். எடைச் சீட்டுகளோ 9000க்கே போகும். அங்கிருக்கும் பிஹெச்பி, தனக்குப் புரியாத செய்தி என்று இணைப்பைத் துண்டிக்கும். லாரிகள் வரிசையில் நிற்கும் நடுப்பகலில் யாராவது கவனித்தால்தான் உண்டு. டேலியின் எண்ணை ஆள் ஒருவர் அமைப்புப் பகுதியில் போய் மாற்ற வேண்டியிருப்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. மாற்றியவருக்கு, எடைச் சீட்டுப் புரோகிராமிலும் மாற்ற வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

மண்டிக்காரருக்குப் பிழைச் செய்தி எதற்கு, எப்படியாவது திறந்தால் போதாதா என்று கேட்கலாம். பிழைச் செய்தி மொட்டையாக இருந்தால் கேள்வி சரி. ‘9000ஐ இன்ன புரோகிராம் வைத்திருக்கிறது’ என்று பெயரோடு சொன்னால் அது உதவி. இயங்குதளத்திடம் கேட்டால் அந்தப் பெயர் கிடைக்கும். பெரும்பாலான புரோகிராம்கள் கேட்பதில்லை. எண் அலைந்தாலும் ஒரு பதிவேடு வைத்துச் சமாளிக்கலாம் என்ற யோசனையும் பழையதே. சன் நிறுவனத்தின் போர்ட்மேப்பர் 111ஆம் எண்ணில் உட்கார்ந்து, எந்தச் சேவை எந்த எண்ணில் இருக்கிறது என்று சொல்லிவந்தது. ஆனால் அலையும் எண்களுக்கு ஃபயர்வாலில் விதி எழுதுவது பெரும்பாடாயிற்று. அந்தப் பதிவேட்டை நம்பியிருந்த என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறை தன் நான்காம் பதிப்பில் எல்லாவற்றையும் 2049 என்ற ஒரே எண்ணுக்குள் கொண்டுவந்தது. பதிவேட்டுக்கே நிலையான எண் ஒன்று தேவைப்பட்டதையும் கவனிக்க வேண்டும்.

நிலையான எண் வைத்தால் மோதல் வராது என்று நான் சொல்லவில்லை. 2021இல் வந்த மேக்ஓஎஸ் மான்டெரே, ஏர்ப்ளே வசதிக்காக 5000ஐ எடுத்துக்கொண்டது. ஃப்ளாஸ்க்கில் எழுதுகிறவர்களின் வழக்கமான எண்ணும் அதுதான். மோதலைக் குறைக்க, எண்ணைத் தேர்கிறபோதே கவனம் வேண்டும். லினக்ஸ் வெளியே செல்லும் இணைப்புகளுக்கு வழக்கமாக 32768 முதல் 60999 வரையிலும், இன்றைய விண்டோஸ் 49152க்கு மேலும் எண்களைத் தானாக எடுத்துக்கொள்கின்றன. அந்த எல்லைக்குள் நம் சர்வரை வைத்தால், பிரவுசர் இணைப்பு ஒன்றே அதன் எண்ணை அபகரிக்கலாம். 1024க்கு மேல், 32768க்குக் கீழ், போர்ட் எண்களைப் பதிவுசெய்யும் ஐயானா அமைப்பின் பட்டியலில் வேறு யாருக்கும் பதிவாகாத எண்ணாகத் தேர்ந்து, அமைப்புக் கோப்பில் மாற்றக்கூடியதாக வைத்து, அது கிடைக்காதபோது காரணத்தைச் சொல்லி நின்றுவிடும் புரோகிராமைத்தான் மண்டிக் கணினியில் நிறுவச் சொல்வேன்.