மந்திரி குமாரி: பார்த்திபனின் மறைநோக்கம்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 1950-ல் வெளிவந்த 'மந்திரி குமாரி' குண்டலகேசிக் கதையைத் தழுவிய திரைப்படம். எல்லிஸ் ஆர். டங்கன், டி.ஆர். சுந்தரம் இயக்கினர். வசனம் மு. கருணாநிதி. முல்லை நாட்டு ராஜகுருவின் மகன் பார்த்திபன் (எஸ்.ஏ. நடராஜன்) அரண்மனைக்கு வேண்டியவன், மறைவில் கொள்ளைக்கூட்டத் தலைவன்.

குண்டலகேசிக் காப்பியம் முழுமையாகக் கிடைக்கவில்லை. நீலகேசி உரைவழி தெரியவரும் கதையில், ஊடலின்போது மனைவி தன்னைக் கள்வன் என்றதே கணவனைக் கொலைக்குத் தூண்டுகிறது. திரைப்படத்தில் அந்த இடத்தைப் பதவி ஆசை பிடித்துக்கொள்கிறது. தளபதிப் பதவி கைநழுவிய பார்த்திபனுக்கு இளவரசி வேண்டும்; மனைவி அமுதவல்லி அதற்குத் தடை. இம்மாற்றத்தால் கதை அரசியலாகிறது. ராஜகுருவின் (எம்.என். நம்பியார்) மகன்பாசம் அரசனுக்கான ஆலோசனையாக வேடமிடுவதே படத்தின் கூர்மையான பகுதி.

இழப்பும் உண்டு. கொள்ளையை ஒரு கலை என்று தந்தையிடமே வாதிடுபவன் மனம் மாறுவானோ என்ற ஐயம் பார்வையாளருக்கு எழுவதில்லை. அக்குறையை மலையுச்சிக் காட்சி ஈடுசெய்கிறது. திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடியது காதல் பாடலாகவே ஒலிக்கிறது. கொலைநோக்கம் மெட்டில் இல்லை, அவன் அழைத்துச்செல்லும் திசையில் இருக்கிறது. உச்சியில் அமுதவல்லியும் தன் நோக்கத்தை மறைத்தே, கணவனை மூன்று முறை வலம்வர அனுமதி கேட்கிறாள்.