கண்ணாடியில் போர்

இங்கிலாந்தின் சிற்றூர்க் கோயில்களில் முதல் உலகப் போரின் ஞாபகார்த்தமாக வைக்கப்பட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை நான் புத்தகப் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்தவரையில் அவற்றை நம்ப முடியவில்லை. அகழியில் சேற்றோடு சேறாகச் செத்த கிராமத்துப் பையன் அங்கே இரும்புக் கவசம் பூண்டு புனித ஜார்ஜாகவோ ஸர் காலஹாடாகவோ நிற்கிறான். ஜேம்ஸ் கிளார்க் 1914இல் தீட்டிய 'மகத்தான தியாகம்' என்ற படம் பல ஊர்களில் கண்ணாடியாகியிருக்கிறது. சிலுவையின் காலடியில் இளம் சிப்பாய் ஒருவன் தூங்குவதுபோல் கிடக்கிறான். நெற்றிப்பொட்டில் சிறு துளை, அவ்வளவுதான் போர். பீரங்கிக் குண்டு மனித உடலை என்ன செய்யும் என்பது ஜன்னலுக்குப் பணம் கொடுத்தவர்களுக்குத் தெரியாதா? தெரிந்ததை மறைக்கத்தானே அத்தனை நீலமும் சிவப்பும்.

இதைச் சொல்ல எனக்கு இங்கிலாந்து தேவையில்லை. நம் புதுக்கவிதையிலும் மரணம் இப்படித்தான் வருகிறது, வெளிச்சத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு.

எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, மானாமதுரைப் பக்கம் இடைக்காட்டூரில், திரு இருதய ஆலயம் இருக்கிறது. பாதிரியார் ஃபெர்டினாண்ட் செல்லே பிரான்ஸின் ரெய்ம்ஸ் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு 1894இல் கட்டியது. வயல்களுக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே கூர்வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள். பிற்பகலில் போனால் தரையில் நிறம் விழுந்து கிடக்கும். மூலமான ரெய்ம்ஸுக்கு நேர்ந்தது வேறு. 1914 செப்டம்பர் 19 அன்று ஜெர்மன் குண்டுவீச்சில் அதன் சாரம் தீப்பற்றி, கூரையின் ஈயம் உருகி ஒழுகிற்று; சிரிக்கும் தேவதையின் தலை விழுந்தது. பழைய கண்ணாடியில் பெரும்பகுதி போயிற்று. பழுதுபார்த்துத் திறக்க 1938 ஆயிற்று. 1974இல் அங்கே ஷகால் ஜன்னல்கள் வந்தன. அழகானவைதான், எனக்கு அதற்கு மேல் சொல்ல இல்லை. ஆனால் 2011இல் ஷகாலுக்கு இரு பக்கமும் ஆறு ஜன்னல்கள் செய்தவர் இமி க்னோபெல் என்ற ஜெர்மானியர். உருவம் கிடையாது. புனிதர் இல்லை, சிப்பாய் இல்லை. சிவப்பு, நீலம், மஞ்சள் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று குத்திட்டு நிற்கின்றன. உடைத்த தேசத்துக்காரர் உடைசலையே வடிவமாகக் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறார். 2015இல் மேலும் மூன்று ஜன்னல்கள் ஜெர்மனியின் நன்கொடையாகவே வந்தன. படத்தில் பார்த்தும் எனக்கு அவை உறுத்துகின்றன. உறுத்துவதால் நம்புகிறேன்.

நம்மிடம் என்ன இருக்கிறது? இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள் என்று சொல்லும் கல்வெட்டுப் பலகைகள் தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் உண்டு. எண் உண்டு, பெயர் கிடையாது. 1972இல் தொல்லியல் துறை வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுதியைப் புரட்டினால், மாடு மீட்கப்போய்ச் செத்தவனுக்குக்கூடப் பெயர் கிடைத்திருக்கிறது. பிரிட்டிஷ் சர்க்கார் அந்த மரியாதையையும் எண்ணாக்கிவிட்டது. (வங்கிக்காரன் எண்ணைக் குறை சொல்வது வேடிக்கைதான்.)

அதே 1972இல்தான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' வந்தது, எழுதிப் பத்து வருஷம் கிடந்தபின். சிங்கம்புணரிக்காரர். இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுப்பப்பட்ட ஒரே நிஜமான ஞாபகச் சின்னம் அதுதான் என்பேன். மெடானிலும் பினாங்கிலும் பிணங்கள் கிடக்கையில் சின்னமங்கலம் சந்தை நினைவில் சலசலக்கிறது. யாருக்கும் கவசம் மாட்டிவிடவில்லை அவர்.

செட்டிநாட்டு வீடுகளின் வண்ணக் கண்ணாடியை யாரும் போரோடு சேர்த்துப் பேசுவதில்லை. பெல்ஜியம் கண்ணாடி, பர்மா தேக்கு என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் முக்கிய மாவட்டங்களில் நிலத்தின் கால் பங்கு செட்டியார்கள் கையில் இருந்தது என்பதும், அது விவசாயிகளிடமிருந்து கடனுக்காகக் கைமாறியது என்பதும் அந்த நிறங்களுக்குள் இருக்கின்றன. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்தது. மறு மார்ச்சில் நகரமும் விழுந்தது. ஏறத்தாழ 5 லட்சம் இந்தியர் தப்பி வந்தனர். காட்டு வழியில் செத்தவர்களைச் சரியாக எண்ணியவர் இல்லை.

சென்ற நவம்பரில் உயிர்ச்சான்றுக்காக, நடக்கமுடியாத ஒரு ஆச்சியின் வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பில் கதவுக்கு மேலே அரைவட்டக் கண்ணாடி வரிசை. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒன்று மட்டும் சாதாக் கண்ணாடி, தூசி படிந்து. கேட்டேன்.

"அது நான் சின்னப் புள்ளையா இருக்கையில உடைஞ்சது தம்பி. அப்பச்சி ரங்கூன்ல இருந்து வாங்கியாரேன்னு சொல்லிட்டுப் போனாக. அப்பறம் சப்பான்காரன் வந்துட்டான்."

வேறெதுவும் சொல்லவில்லை. அந்தச் சாதாக் கண்ணாடியைப் பற்றி அன்றிரவே ஒரு கவிதை எழுதினேன். காலையில் படித்துப் பார்த்தால் கிளார்க்கின் சிப்பாய்போல் அழகாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.

பங்காளிகள் வீட்டைப் பிரிக்கப் பேசுகிறார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒருவர் வந்து கண்ணாடிகளை எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். நடுவிலுள்ளதைக் கணக்கில் சேர்க்கவில்லையாம்.